நம்பிக்கை எங்கே வேலை செய்கிறது?
தாம்பரம் சானடோரியத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கே ஓடும் மின்சார ரயில், குரோம்பேட்டையைக் கடந்ததும் நிற்கும் இடத்திற்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். அங்கு நாள்தோறும் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மெப்ஸ் வளாகத்துத் தொழிற்சாலைகளுக்கும், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திற்கும், சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கும் செல்பவர்கள். ஆனால் அந்தப் பெயர் உண்டானது, பச்சைமலையின் சாரலில் காசநோயாளிகளுக்காக எழுந்த ஒரு மருத்துவமனையினால். தமக்கு வந்திருக்கும் நோய் உயிரைக் கொள்ளக்கூடியது என்று கேள்விப்பட்ட மனிதர்கள், ஏறக்குறைய நூறாண்டுக் காலமாக, அதன் வாயிலைக் கடந்து உள்ளே போயிருக்கிறார்கள். முதலில் மருந்தே இல்லாத க்ஷயரோகத்தோடும், பிறகு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட க்ஷயரோகத்தோடும், அதன்பின் மருந்து கைக்கெட்டாத எச்.ஐ.வி. தொற்றோடும், இறுதியில் அந்த மருந்தும் இலவசமாகக் கிடைத்த காலத்திலும். வருங்காலத்தை நல்லதென்று எதிர்பார்க்கும் சுபாவமும், தீயதென்று அஞ்சும் சுபாவமும் ஒருவன் வாழ்வை எவ்விதம் உருவாக்குகின்றன என்னும் பழைய கேள்வியை, ஊகத்தால் அன்றி அனுபவத்தைக்கொண்டு ஆராய விரும்புவோர்க்கு இதைவிடத் தக்க களம் நம் நாட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஸ்தாபனத்தை 1928-ஆம் ஆண்டில் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மென்டிப் குன்றுகளின்மேல் ஒரு சானடோரியத்தை நிறுவி நடத்திப் புகழ்பெற்ற பிறகு தாயகம் திரும்பிய அவர், சென்னைக்குத் தெற்கே காற்றோட்டமும் மரநிழலும் மிகுந்த ஒரு விஸ்தாரமான நிலத்தைத் தேர்ந்து இங்கு குடியேறினார். 1937-இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானியர் காசநோய்க் கிருமியை 1882-லேயே கண்டறிந்துவிட்டார். அக்கிருமியைக் கொல்லும் மருந்தோ 1940-களில்தான் கிடைத்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளிலும் பகைவன் யார் என்று தெரிந்தும் ஆயுதம் கையில் இல்லாத வைத்தியர்கள் செய்யக்கூடியதாக இருந்தவை நான்கே: திறந்த காற்று, படுக்கையில் ஓய்வு, பாலும் முட்டையும் நிறைந்த உணவு, கவலையற்ற சித்தம். நான்காவதை அக்கால வைத்தியர்கள் வெறும் ஆறுதலாகக் கருதவில்லை. மருந்துப் பட்டியலில் சேர்த்தே எண்ணினார்கள்.

அதே சௌரிமுத்து 1917-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மென்டிப் குன்றுகளில் ஒரு தமிழ் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தார். 1914-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நெவாஸா என்னும் கப்பலில் அவரோடு உடன் பயணம் செய்த அந்த இளைஞரே கணித மேதை சீனிவாச ராமானுஜன். குளிரும் தனிமையும், ஒத்துக்கொள்ளாத உணவும், இன்ன நோய் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத வைத்தியர்களின் மாறிமாறி வந்த அபிப்பிராயங்களும் ஒன்றுசேர்ந்து அவர் மனத்தை எவ்வளவு தூரம் தாழ்த்தின என்பதற்கு, 1918-இன் தொடக்கத்தில் லண்டனில் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முற்பட்டார் என்று பின்னாளில் அவருடைய கேம்பிரிட்ஜ் வழிகாட்டியான கணித அறிஞர் ஹார்டியின் வாயிலாக வெளிவந்த செய்தியே சாட்சி. ஆனால் அதே ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் பிறகு, உடல் தேறாமலே, உள்ளம் தேறி மீண்டும் கணிதத்தில் இறங்கினார். 1920 ஜனவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், போலித் தீட்டா சார்புகள் என்று இன்று அறியப்படும் முற்றிலும் புதியதொரு துறையை அவர் திறந்து வைத்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 26-இல், சேத்துப்பட்டில் காலமானார்.

இந்த வரலாற்றை நம்பிக்கையின் வெற்றியாகச் சொல்வதா, தோல்வியாகச் சொல்வதா? நான் இதனை இரண்டாகப் பிரித்தே பார்க்கிறேன். மீண்டெழுந்த மனம் ராமானுஜனின் கடைசி இரண்டாண்டுகளை மாற்றியது. உலகக் கணிதத்தையும் மாற்றியது. அவர் உடலில் இருந்த நோயை மாற்றவில்லை. 1994-இல் டி.ஏ.பி. யங் என்னும் ஆராய்ச்சியாளர் எஞ்சியுள்ள குறிப்புகளையெல்லாம் பரிசீலித்து, அவருக்கு இருந்தது காசநோயே அன்று, கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் என்று வாதிட்டார். அந்த முடிவு சரியானால், அக்காலத்திலேயே சிகிச்சை இருந்த ஒரு நோய் இன்னதென்று அறியப்படாமல் போனதால் நாம் அவரை இழந்தோம். நோயறியும் இடத்தில் நேர்ந்த குறையை நோயாளியின் மனோதைரியம் ஈடுசெய்யும் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

சானடோரியக் காலத்து வைத்தியர்களை உறுத்திய மற்றொரு விஷயமும் உண்டு. க்ஷயரோகிகளில் சிலர், உடல் உருகி இறுதிக் கட்டத்தை அடையும்போதே, காரணமின்றி உற்சாகம் கொண்டு, அடுத்த மாதம் ஊருக்குப் போவதைப்பற்றியும், கட்டப்போகும் வீட்டைப்பற்றியும் பேசத் தொடங்குவதை அவர்கள் கவனித்தார்கள். இதனை நோயின் ஓர் அடையாளமாகவே கொண்டு ‘ஸ்பெஸ் தைசிகா’, அதாவது க்ஷயரோகியின் நம்பிக்கை, என்று லத்தீன் மொழியில் பெயரும் இட்டார்கள். ஒரே மருத்துவ சாஸ்திரம் ஒரு பக்கம் நம்பிக்கையை மருந்தென்றும், மறு பக்கம் அதையே நோய்க்குறியென்றும் எழுதி வைத்தது. எந்த நம்பிக்கை எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிய அவர்களிடம் அளவுகோல் இல்லை. ஏனெனில் நம்பியவன் செய்வதற்கு உருப்படியான காரியம் ஒன்றும் அப்போது இல்லை. படுத்திருப்பதும் காத்திருப்பதுமே சிகிச்சை என்றால், நம்புகிறவனும் நம்பாதவனும் ஒரே வகையாகத்தான் படுத்திருப்பார்கள்.

மருந்து வந்த கதையிலும் மனத்தைப் பற்றிய ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. 1952-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் ஐசோனியாஸிட், இப்ரோனியாஸிட் என்னும் புதிய மருந்துகளைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, எழவே முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து உலாவினார்கள், உண்டார்கள், ஆடினார்கள். நோய் தணிந்ததால் வந்த மகிழ்ச்சி என்று மட்டும் அதனைக் கொள்ள முடியவில்லை. இப்ரோனியாஸிட் மூளையின் இரசாயனத்தையே மாற்றி உற்சாகத்தை உண்டாக்குகிறது என்பது பின்னர் தெளிவாகி, 1957 அளவில் அது மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றாக வழங்கப்பட்டது. நம்பிக்கை என்பது முழுக்க முழுக்கச் சங்கற்பத்தினால் ஆவது, வேண்டுமென்று நினைத்தால் எவரும் அடையக்கூடியது, அடையாதவர் மனவலிமை அற்றவர் என்று உபதேசம் செய்வோர் நினைவில் கொள்ள வேண்டிய சம்பவம் இது.

ஆயினும் இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை நியூயார்க்கில் பிறக்கவில்லை. சென்னையிலேயே, ராமானுஜன் கண் மூடிய அதே சேத்துப்பட்டில் பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று விளங்குவது அதுவே. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியரின் தலைமையில், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவுகளாக, யார் எதில் சேர்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்துப் பிரிக்கப்பட்டார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம். ஆனால் ஒரு சாரார் சானடோரியத்தில், நல்ல காற்றில், நல்ல உணவோடு, செவிலியர் பராமரிப்பில், வேலைக் கவலையின்றி இருந்தார்கள். மற்றவர்கள் நெரிசலான தம் வீடுகளிலேயே, கிடைத்ததை உண்டு, பலர் நெடுநேரம் உழைத்துக்கொண்டே மருந்தை உட்கொண்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை அதிகம் கூடினார்கள் என்பது உண்மை. ஆனால் 1959-இல் வெளியான முடிவுகளின்படி, நோய் தணிந்தவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒத்தே இருந்தது. வீட்டில் நோயாளியோடு வாழ்ந்தவர்களுக்குத் தொற்று அதிகமாகவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் புலனாயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சியே ஒரு முக்கிய காரணம் ஆயிற்று.

காற்று, ஓய்வு, ஆகாரம், கவலையின்மை ஆகிய நான்கும் சேர்ந்து எதைச் சாதிக்கவில்லையோ அதைத் தினந்தோறும் தவறாமல் விழுங்கிய மாத்திரை சாதித்தது என்றால், மனத்திற்கு இடமே இல்லையா? இருக்கிறது; ஆனால் சௌரிமுத்துவின் தலைமுறை தேடிய இடத்தில் அன்று. மாத்திரையைத் தினந்தோறும், ஓராண்டு, ஒரு நாளும் விடாமல் விழுங்க வேண்டுமே, அந்த இடத்தில்தான். நம்பிக்கை கிருமியின்மேல் வேலை செய்வதில்லை. மனிதனின் கையின்மேல் வேலை செய்கிறது. அந்தக் கை நீட்டி எடுப்பதற்குப் பயனுள்ள ஒரு பொருள் உலகில் இருக்கும்போதுதான் அதற்குப் பொருள் உண்டு. இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்புவது இதுவே.

மனநூலாரின் ஆராய்ச்சிகளை இந்த வெளிச்சத்தில் படித்தால் அவற்றிடையே தோன்றும் முரண்பாடுகள் பெருமளவு நீங்கிவிடுகின்றன. 1985-இல் நம்பிக்கைச் சுபாவத்தை அளப்பதற்கு ஒரு வினாப்பட்டியலை வகுத்த ஷியர், கார்வர் என்னும் அமெரிக்கர் இருவர், 1989-இல் இருதய ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்ட 51 ஆண்களை ஆராய்ந்து, நன்மையை எதிர்பார்த்தவர்கள் விரைவில் தேறினார்கள் என்று கண்டார்கள். அவர்கள் தம் நோயைப்பற்றி விசாரித்து அறிவதிலும், தேறியபின் செய்ய வேண்டியவற்றைத் திட்டமிடுவதிலும் முனைந்தவர்களாக இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. 2019-இல் ஏறக்குறைய எழுபதாயிரம் செவிலியப் பெண்களையும் ஆயிரத்து நானூறு ஆண்களையும் பற்றிய நீண்ட கால ஆய்வொன்று, மிகுந்த நம்பிக்கை உடையோரின் ஆயுள் 11 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்ததாகக் கூறியது. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு புகை, உணவு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்களாலேயே விளங்கிவிடுகிறது. மறுபுறம், 2004-இல் ஆஸ்திரேலியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 179 பேரைப்பற்றி நடந்த ஆய்வு, நம்பிக்கைக்கும் உயிர்வாழ்ந்த காலத்திற்கும் எவ்விதத் தொடர்பையும் காணவில்லை. செய்வதற்கு நிறைய இருக்கும் இடத்தில் நம்பிக்கை பலன் தருகிறது; செய்வதற்கு அரிதாகிவிட்ட இடத்தில் தருவதில்லை. இந்த இரண்டாம் நிலையில் உள்ள நோயாளியிடம் தைரியமாக இருந்தால் பிழைத்துவிடலாம் என்று சொல்லுகிறவர்கள், நோய் முற்றும்போது அதனை அவருடைய குற்றமாக அவரே எண்ணி வருந்துவதற்கு வழி செய்துவிடுகிறார்கள்.

இன்னொரு ஆராய்ச்சி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. கலிபோர்னியாவில் 1921 முதல் டெர்மன் என்பவர் சுமார் 1,500 அறிவுக் கூர்மையுள்ள சிறுவர் சிறுமியரைத் தேர்ந்து பதிவு செய்யத் தொடங்கினார். அவர்கள் முதிர்ந்து மறைந்த பிறகு, ஹோவர்ட் ஃபிரீட்மன் முதலியோர் 1990-களில் கணக்கெடுத்தபோது, இளமையில் உற்சாகமும் நன்னம்பிக்கையும் மிகுந்தவர்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் குறித்திருந்த பிள்ளைகள் சற்று முன்னதாகவே இறந்திருந்தார்கள். கடமையுணர்வும் ஒழுங்கும் எச்சரிக்கையும் உடைய பிள்ளைகளே நெடுநாள் வாழ்ந்திருந்தார்கள். எல்லாம் நலமாகவே முடியும் என்று எண்ணுகிறவன் அபாயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடும் அல்லவா?

தாம்பரத்திற்குத் திரும்புவோம். எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதனைக் கண்டார்கள். மற்ற இடங்களில் படுக்கை மறுக்கப்பட்ட அந்நோயாளிகளுக்கு 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை கதவைத் திறந்தது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட மக்கள் வந்து சேர்ந்தார்கள். கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகளை அங்கே நோயாளிகளுக்கு வழங்கினார். மேல்நாட்டில் 1996 முதல் கூட்டு மருந்துகள் வழங்கப்பட்டு நோயாளிகள் பிழைத்துக்கொண்டிருந்தபோது, விலை காரணமாக அவை நம் ஏழைகளுக்கு எட்டவில்லை. அந்த ஆண்டுகளில் அங்கே கிடந்தவர்களின் அவநம்பிக்கையைச் சுபாவக் குறை என்று சொல்வது பொருந்துமா? உலகம் அவர்களுக்கு என்ன வைத்திருந்ததோ, அதை அவர்கள் சரியாகவே வாசித்தார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று, நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. தாம்பரம் அவற்றுள் ஒன்று. அன்று முதல் நம்புவதற்கு ஒரு காரணமும், நம்பிச் செய்வதற்கு ஒரு காரியமும் உண்டாயின.

இதனோடு ஒத்துப்போகும் ஒரு கொள்கை மாற்றம் மனநூலிலும் நேர்ந்தது. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-இல் நாய்களின்மேல் செய்த பரிசோதனைகளில், தம்மால் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளானவை, பிறகு தப்பிக்க வழி இருந்தும் தப்பாமல் படுத்துக்கிடந்தன. செய்வதால் பயனில்லை என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கம் தந்தார்கள். 1978-இல் இது மனிதர்க்கும் விரிவாக்கப்பட்டது: தனக்கு வந்த தீமைக்குக் காரணம் என்றும் மாறாதது, வாழ்வு முழுவதையும் பற்றியது, தன்னிடமே உள்ளது என்று விளக்கிக்கொள்கிறவன் சோர்வில் ஆழ்கிறான் என்பது கருத்து. அந்த முதல் பரிசோதனைகளுக்கு ஏறக்குறைய ஐம்பதாண்டு கழித்து, 2016-இல், அவ்விருவருமே மூளையைப்பற்றிய புதிய ஆராய்ச்சிகளை ஆதாரமாகக் கொண்டு தம் கொள்கையைத் தலைகீழாக மாற்றி எழுதினார்கள். நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது கற்றுக்கொள்வதன்று, உயிரினத்தின் இயல்பே அது. கற்றுக்கொள்ள வேண்டியது, என் செயலால் ஏதேனும் மாறும் என்பதையே. திருக்குறளில் ஊழுக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடவில்லை என்பதை நம் உரையாசிரியர்கள் ஓயாமல் சிந்தித்திருக்கிறார்கள். தலையெழுத்து என்று சொல்லிப் படுத்துவிட்ட ஒரு நோயாளியைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. மூன்று மாதத்தில் உன் எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது பார் என்று தராசைக் காட்டுவதில் பயன் உண்டு.

ஆனால் அதே தராசு வேறொரு விதத்தில் கெடுதலும் செய்யும். காசநோய்ச் சிகிச்சை இன்று ஆறு மாதம்: முதலிரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். சில வாரங்களிலேயே காய்ச்சல் விடுகிறது, பசி எடுக்கிறது, இருமல் அடங்குகிறது. குணமாகிவிட்டது என்று மனம் பூரிக்கிறது. அந்தப் பூரிப்பிலேயே மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சிய கிருமிகள் பெருகி, பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படாத வடிவத்தில் நோய் திரும்பி வரக்கூடும். அவநம்பிக்கையால் மருந்தைத் தொடங்காதவனும், அதிநம்பிக்கையால் மருந்தை முடிக்காதவனும் ஒரே படுக்கைக்கு வந்து சேர்கிறார்கள். சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர்கள் இதனை ஆரம்பத்திலேயே உணர்ந்து, வீட்டுக்கு எதிர்பாராமல் சென்று மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும் பார்த்தார்கள்.

அதிநம்பிக்கையின் விளைவை அறிய ஆஸ்பத்திரிக்குள் போகவேண்டும் என்பதுமில்லை. தாம்பரத்துக்கு மேற்கே அடையாற்றின் மேற்போக்கில் தாழ்ந்த நிலத்தில் அமைந்த முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கின. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். நூறாண்டுக்கொரு முறை வருவது என்று சொல்லி ஆறுதல் அடைந்தோம். எட்டாண்டில், 2023 டிசம்பர் தொடக்கத்தில், மிக்ஜாம் புயலின்போது அதே தெருக்களில் மீண்டும் படகுகள் ஓடின. பிறர்க்கு வரும் தீமை நமக்கு வராது என்று மனிதர் பொதுவாக எண்ணுவதை 1980-இலேயே நீல் வைன்ஸ்டைன் கல்லூரி மாணவர்களிடம் அளந்து காட்டியிருக்கிறார். மனை வாங்கும்போது, ஏரி நீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேட்கும் கசப்பான கேள்வியைக் குடும்பத்தில் ஒருவராவது கேட்டிருந்தால், அவரை அபசகுனமாகப் பேசுகிறார் என்று அடக்காமல் இருந்திருந்தால், எத்தனையோ வீடுகள் வேறிடத்தில் எழுந்திருக்கும்.

இந்தக் கசப்பான கேள்வியை முறையாகக் கேட்கும் ஓர் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது. நோய் உறுதியானதுமே ஒவ்வொரு நோயாளியின் உயரத்தையும் எடையையும், கால் வீக்கத்தையும், மூச்சின் வேகத்தையும், ரத்தத்தில் பிராணவாயுவின் அளவையும் பார்க்கிறார்கள்; துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். ஆபத்தானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள் என்பது தெரிந்திருந்தும், இவர் இறந்துவிடக்கூடும் என்று ஒவ்வொருவரைப்பற்றியும் முதலில் ஐயுற்றுப் பார்க்கும் முறை இது. ஐயுறும் பொறுப்பை வைத்தியர் தம்மேல் ஏற்றுக்கொள்ளும்போது, நம்பும் உரிமையை நோயாளி தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே அளவில் நம்பிக்கை உடையவர்களாக இருக்கவேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஐயம் உரியவரிடமும் நம்பிக்கை உரியவரிடமும் இருந்தால் போதும்.

ஆகவே, நோயாளியிடம் சொல்லப்படும் நம்பிக்கை வார்த்தையும் கெடு உள்ளதாக, நிபந்தனை உள்ளதாக இருக்கவேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்பதைக் காட்டிலும், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் இது குணமாகும், இரண்டாம் மாதம் உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அப்போது நிறுத்திவிடாதே என்பது மேலானது. இதனை முதல் நாளில் சொல்லிவிட்டு நின்றுவிடுவதும் போதாது. நோயாளி அன்று அச்சத்தில் இருக்கிறான், காதில் விழுவது பாதி. இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனைக்காக அவன் திரும்பி வரும் நாளே இதனை மறுபடியும் சொல்லத்தக்க வேளை. அன்று அவனோடு அவன் தாயோ மனைவியோ உடன் இருந்து கேட்கும்படி செய்வது எந்த மருத்துவமனைக்கும் செலவில்லாத காரியம்.